எழுத்தாளர் விட்டுப்போன எருமை

உங்கள் எருமையை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனது நீங்கள்தான். தெரியாமல் நடந்துவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். தெரியாமல் விற்றவன்கூட மறுநாள் ஒரு போன் போட்டு, மாடு தண்ணி குடிக்குதா, கால் கீல் உதைக்குதா என்று ஒரு வார்த்தை கேட்பான். நீங்கள் கேட்கவில்லை. ஏழு மாதம் ஆகிறது. விட்டுவிட்டுப் போனது ஒரு குற்றம் என்றால் எடுத்துக்கொண்டு போனது இன்னொரு குற்றம், அதுதான் பெரிய குற்றம். முன்னைப்போல நான் இருந்திருந்தால் இந்தக் கடிதம் "யோவ்" என்று ஆரம்பித்து, நாலாவது வரிக்குள் உங்கள் மூன்று தலைமுறையையும் சந்தைத்திடலில் வரிசையாக நிறுத்தியிருக்கும். இப்போது எழுத உட்கார்ந்தால் கை "ஐயா" என்றுதான் எழுதுகிறது. என் புகாரே அதுதான், ஐயா.

நான் செங்கோடன். வேப்பம்புதூர் வியாழச் சந்தையில் மாட்டுத் தரகன். பெயர் ஞாபகம் இருக்காது. வருசத்துக்கு எத்தனை ஊர், எத்தனை மேடை, எத்தனை செங்கோடன். ஊரில் எனக்கு இன்னொரு பெயர் உண்டு, பட்டாசு. பதினோரு வயதில் ஒரு கயிறோடு சந்தைக்குள் நுழைந்தவன் நான். முதல் வாரமே சீக்குக் கன்று ஒன்றை நல்ல கன்று என்று சொல்லி என் கையில் கொடுத்து விற்க வைத்தார்கள், வாங்கினவன் திரும்பி வந்தபோது அத்தனை பேரும் என்னைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள், அறை எனக்கு விழுந்தது. நான் படித்த பள்ளிக்கூடம் அந்த ஒரு அறைதான். இனிமேல் அறை விழுவதற்கு முந்தியே சத்தம் போட்டுவிட வேண்டும் என்று அன்றைக்குப் படித்ததை நாற்பது வருசமாக மறக்கவில்லை. மற்றவன் தவிடும் புண்ணாக்கும் போட்டு மாடு வளர்ப்பான். நான் பட்டது ஒவ்வொன்றையும் தீனியாகப் போட்டு என் கோபத்தை வளர்த்தேன். ஒரு மாட்டின் வாலைத் தூக்கிப் பிடித்து "இது மாடுன்னா நான் கலெக்டருங்கொ!" என்று நான் கத்தினால் விற்க வந்தவனுக்குத் தன் மாட்டின்மேல் தனக்கே சந்தேகம் வந்துவிடும். அதுதான் என் முதல், அதுதான் என் கடை, அதுதான் என் வீட்டுக்குக் கதவு.

அந்தக் கோபத்தோடுதான் தை மாதம் அன்வர் பாய் புத்தகக் கடைக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டின அந்தக் கடையில் வருசம் பூராவும் விற்பது பரீட்சைக் கைடும் நோட்டும்தான். இருந்தாலும் பாய்க்கு ஒரு பைத்தியம், கடைசி அலமாரி பூராவும் கதைப் புத்தகம் அடுக்கி வைத்துக்கொண்டு, யாராவது ஒருத்தர் வந்து தொட்டாலும் போதும் என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். நீங்கள் வந்து நாவல் படிக்கப்போகிறீர்கள் என்று அவரே ஊர் பூராவும் நோட்டீஸ் ஒட்டினார். "ஏனுங்கண்ணா, நாவலு உங்க தொழிலப் பத்தித்தானுங்க. மாட்டுத் தரகரு கதை. நீங்க வராம யாருங்க வருவாங்க?" என்றார். நாற்பது நாற்காலி போட்டிருந்தார், பதினொரு பேர் வந்திருந்தோம், அதில் மூன்று பேர் பிளஸ் டூ கைடு வாங்க வந்து மாட்டிக்கொண்டவர்கள்.

நீங்கள் வந்த கோலத்தை இப்போதும் சொல்ல முடியும். பதினாலாவது ஊர் என்று பாய் சொன்னார். கால் வீங்கி, செருப்பு வார் அவிழ்ந்து, இடது கண்ணின் இமை பாதி இறங்கி, பாய் பொன்னாடை போர்த்தினபோது தோளைக்கூட நிமிர்த்த முடியாமல் நின்றீர்கள். படித்தீர்கள். ஏற்றத்தில் வண்டி இழுக்கிற மாடு மாதிரி நின்று நின்று படித்தீர்கள். பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பிடித்திருந்தது. சந்தையின் மூத்திர வாசம் முதற்கொண்டு அதில் இருந்தது. உங்கள் கதாநாயகன் துணியைப் போட்டு, எதிராளியின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தி யாவாரத்தை முடித்தான் பாருங்கள், அந்த இடம் வரைக்கும் பிடித்திருந்தது.

எழுந்துவிட்டேன்.

"நிறுத்துங்க! கட்டைவெரலப் புடிச்சா யாவாரம் முடியுமா? எந்த ஊர்லங்க முடியும்?"

"அண்ணா, கேள்வி நேரம் கடைசீலதானுங்க" என்று பாய் கையைப் பிசைந்தார்.

"கடைசி வரைக்கும் தப்பாவே படிப்பாரு, நான் வாயில ஈ போறது தெரியாமக் கேட்டுக்கிட்டு இருக்கோணுமா?"

துணிக்கடியில் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்கள் நாங்கள்; சுற்றி நிற்கிறவனுக்கு விலை தெரியக்கூடாது என்றுதான் துணி. நாலு விரலுக்கும் மதிப்பு உண்டு, கட்டைவிரலுக்கு இல்லை. எங்கள் சந்தையில் கட்டைவிரலைப் பிடித்தால் "இன்னிக்கு வேண்டாம், உம்மாட்டைப் புடிச்சுட்டு நீ போ, எம்மாட்டைப் புடிச்சுட்டு நான் போறேன்" என்று அர்த்தம். உங்கள் கதாநாயகன் மாட்டை விற்றுவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், அவன் மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறான், அதற்கப்புறம் இருநூறு பக்கத்துக்கு அவன் அழுகிற அழுகையெல்லாம் வெட்டி அழுகை. இதை நான் நாற்காலிமேல் ஏறி நின்று சொன்னேன். கைடு வாங்க வந்தவர்கள்கூட உட்கார்ந்து கேட்டார்கள்.

நீங்கள் கோபப்படவில்லை. உங்களிடம் அது இல்லை. இமை இறங்கின கண்ணோடு சிரித்து, "எனக்கு யாரும் கையைப் பிடிச்சுச் சொல்லிக் குடுக்கலைங்க. வந்து காட்டுங்களேன்" என்றீர்கள். என் துண்டு நாற்காலியில் கிடந்தது. அதை எடுக்கப் பொறுமையில்லாமல் உங்கள் தோளில் இருந்த பொன்னாடையை இழுத்து நம் இரண்டு பேர் கைமேலும் போட்டேன். தப்பு அங்கேதான் நடந்தது. எது விளையாட்டு, எது யாவாரம் என்று என் துண்டுக்குத் தெரியும். நாற்பது வருசப் பழக்கம். அந்தப் பொன்னாடைக்கு என்ன தெரியும், அது ஜவுளிக்கடையிலிருந்து நேராக வந்தது.

தொடாத மாட்டுக்குத் துணி போடாதே என்று சந்தையில் ஒரு சொல் உண்டு. விலை பேசுவதற்கு முன்னால் எந்த மாடு என்று அதன் முதுகில் கை வைத்துக் காட்டிவிட்டுத்தான் துணியைப் போட வேண்டும். தொடாமல் போட்டால் துணி தானாகச் சரக்கைத் தேடிக்கொள்ளும். இவனிடம் எது கனமாக இருக்கிறதோ அதை அவனுக்கும், அவனிடம் எது கனமோ அதை இவனுக்கும் மாற்றிவிடும். இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கோபத்தில் எனக்கு மறந்துவிட்டது. தொட்டுக்காட்ட அங்கே மாடும் இல்லை.

உங்கள் கை கன்றுக்குட்டியின் மூக்கு மாதிரி சில்லென்று இருந்தது. அத்தனை களைத்த கையை நான் பிடித்ததில்லை. நாலு விரலையும் சேர்த்துப் பிடித்து "இதுதானுங்க பேச்சு" என்றேன். நீங்கள் விளையாட்டுக்கு இரண்டு தடவை திருப்பி அழுத்தினீர்கள். எனக்கு வாய் பழக்கம்: "முடிஞ்சுது!" என்று துணியை உருவினேன். பதினொரு பேரில் நான் போக மிச்சம் பத்துப் பேரும் கை தட்டினார்கள். தட்டினது சாட்சி, ஐயா. யாவாரம் உறுதி.

அந்த நிமிசமே உங்கள் தோள் நிமிர்ந்தது. புத்தகத்தை மேசையில் படாரென்று மூடி, "ஏங்க பாய், படிக்க வந்தவனுக்கு ஒரு டம்ளர் தண்ணி வைக்கத் தெரியாதா? இதுக்கு ஒரு கூட்டம், இதுக்கு ஒரு நோட்டீசு!" என்று கத்தினீர்கள். எழுத்தாளருக்கு எங்கள் ஊர்க் காத்து பிடித்துக்கொண்டது என்று எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து, "பரவாயில்லீங்க, விடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு வார்த்தை என் வாயில் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மறுநாள் வெடியால பாய் கடை திறக்க வந்தபோது ஷட்டரில் சாய்ந்துகொண்டு எருமை நின்றது. ஆளனுப்பினார், போய்ப் பார்த்தேன். யாரும் கட்டாத எருமை, கழுத்தில் கயிற்றுத் தழும்பு இல்லை, வலது கொம்பில் பொன்னாடைச் சரிகை ஒரு இழை சுற்றிக்கொண்டிருந்தது, இடது இமை பாதி இறங்கியிருந்தது. வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தேன். தேய்மானப்படி ஐம்பத்தாறு வயது, நோட்டீசில் பாய் போட்டிருந்த உங்கள் வயது. எருமை ஐம்பத்தாறு வருசம் இருக்காது என்று எனக்குத் தெரியும். பல் பொய் சொல்லாது என்றும் தெரியும். "பாய், ஏமாந்துட்டமுங்க. இது அந்தாளோட களைப்பு. நான் வாங்கிப்போட்டேன்" என்றேன். பாய் ஒரு நிமிசம் அதன் முகத்தையே பார்த்துவிட்டு, "அவருதானுங்க" என்றார். அப்புறம் எழுத்தாளரை வெறும் வயிற்றோடு நிறுத்தக்கூடாது என்று ஒரு வாளி தண்ணி வைத்தார். அது குடிக்கவில்லை. பெருமூச்சு மட்டும் விட்டது. டீக்கடைக்காரர் அந்த மூச்சுக்கு அடுப்பு அணைந்ததாகச் சொன்னார், அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

எங்கள் ஊருக்கு எருமை பழகினது மூன்றே நாளில். முதல் நாள் சுற்றிப் போனார்கள், இரண்டாம் நாள் திட்டிவிட்டுப் போனார்கள், மூன்றாம் நாள் மத்தியானம் ஸ்பின்னிங் மில்லில் ஷிப்டு முடிந்து வந்த ஒரு பெண் பஸ்ஸுக்கு நிற்க முடியாமல் அதன் விலாவில் முதுகைச் சாய்த்தாள். பஸ் வந்தபோது எழுந்தவள், எழுந்த வேகத்தில் அவளே திகைத்துப்போய், "அக்கா, எங்காலு எங்கிட்டத் திரும்பி வந்துருச்சுக்கா!" என்று கூவினாள். அன்றிலிருந்து ரெண்டு மணி ஷிப்டு முடிந்தால் எருமையின் இரண்டு பக்கமும் வரிசை. "எழுத்தாளரு நல்லாச் சாஞ்சு குடுக்கறாரு, எங்கூட்டுக்காரரு முதுகு வெறுங்கல்லு" என்று சிரிப்பார்கள். எழுத்தாளர் என்றே எல்லாரும் கூப்பிட்டார்கள். எழுத்தாளருக்கு வெயில் படுது, சாக்கைக் கட்டி விடு என்பார்கள். எழுத்தாளர் வாலை ஆட்டுறாரு, மழை வரும் என்பார்கள். மாட்டுப்பொங்கல் போய்விட்டதே என்று வருத்தப்பட்டு, மாசியில் தனியாக ஒரு நாள் வைத்துக் கொம்புக்கு நீலமும் சிவப்பும் அடித்தார்கள். பேரூராட்சி ஆட்கள் பொது இடத்தில் மாடு என்று லாரியும் கயிறுமாக வந்தார்கள், கயிறு கட்டுவதற்கு முன்னால் கொஞ்சம் சாய்ந்தார்கள், எழுந்தபோது யாரையும் பிடித்துக்கொண்டு போகிற எண்ணம் அவர்களிடம் இல்லை. இருந்தாலும் ஃபாரம் நிரப்ப வேண்டுமே. "மாட்டுக்கு ஓனர் யாரு?" என்று கேட்டார்கள். அத்தனை பேரும் என்னைக் கைகாட்டினார்கள். பதினோரு வயதில் காட்டினார்களே, அதே மாதிரி.

சாய்ந்தவர்கள் எல்லாரும் தங்கள் களைப்பை அதில் இறக்கிவிட்டுப் போனார்கள், எருமை வளர்ந்தது. மாசியில் ஷட்டரில் பாதி. பங்குனியில் கடை வாசல் பூரா. சித்திரையில் அதன் வயிற்றுக்கடியில் குனிந்துதான் கடைக்குள் போக வேண்டியிருந்தது. வைகாசியில் குனிய வேண்டியதில்லை, நிமிர்ந்தே போகலாம், அத்தனை உயரம். பாய்க்கு ஒன்றும் நட்டமில்லை; சாய வந்தவர்கள் சும்மா சாய்வதற்குக் கூச்சப்பட்டுக் கையில் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டார்கள், கடைசி அலமாரி காலியாகிவிட்டது. மாதம் ஒரு வாசிப்புக் கூட்டம் வேறு நடக்கிறது. யாராவது மோசமாகப் படித்தால் எருமை பெருமூச்சு விடும், படித்தவர் நிறுத்திவிடுவார். இதையெல்லாம் நான் குறையாகச் சொல்லவில்லை. ஊருக்கு நல்லதுதான். ஒரே ஒருத்தன் சாய்ந்தால்தான் அது இறக்காது, ஏற்றும். வாங்கினவன். ஊர் இறக்கினதெல்லாம் என்மேல் ஏறியது. மில்லுப் பெண்களின் முழங்காலும், டிரைவர்களின் இடுப்பும், நீங்கள் பதினாலு ஊருக்குச் சுமந்துபோன அது என்னவென்றே எனக்குப் பெயர் தெரியாத ஒன்றும்.

சந்தைக்குப் போவேன், வாலைத் தூக்குவேன், வாயைத் திறப்பேன். "பரவாயில்லீங்க, மாடு நல்ல மாடுதானுங்க" என்று வரும். சுற்றி நிற்கிறவர்கள் முதலில் தந்திரம் என்று நினைத்துப் பயந்தார்கள், அப்புறம் காய்ச்சல் என்று நினைத்து இளநீர் வாங்கிக் கொடுத்தார்கள், அப்புறம் பழகிக்கொண்டு என்னைத் தாண்டி விலை பேசினார்கள். என் சம்சாரம் ராமாத்தாள் மட்டும் சந்தோசப்பட்டாள். உப்புக் குறைந்தால் தட்டு பறக்கவில்லை, கதவு அறையவில்லை. "இப்பத்தானுங்க ஊடு ஊடாட்ட இருக்குது. அந்த எருமைக்கு நான் ஒரு மாலை வாங்கிப் போடோணும்" என்றாள். போடவும் செய்தாள். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். என் கோபம் வெளியில் மட்டும் மேய்கிற மாடு கிடையாது.

உங்களுக்கு நாங்கள் போன் செய்யவில்லை என்று சொல்லாதீர்கள். பாய் எட்டுத் தடவை செய்தார். ஏழு தடவை யாரோ எடுத்து ஐயா கூட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். எட்டாவது தடவை நீங்களே எடுத்து, "எவன்யா அது, மனுசன் சோத்துல கை வைக்கிற நேரம் பாத்து மணியடிக்கிறது!" என்றீர்கள். பாய் போனை என் காதில் வைத்தார். ஐயா, அது நான் சொல்கிற சொல். போனை எடுத்தால் நாற்பது வருசமாக நான் சொல்கிற சொல். அசல் அதே ஏற்றம், அதே இறக்கம், "மணியடிக்கிறது" என்கிற இடத்தில் அதே அழுத்தம். வெளியூருக்கு ஓடிப்போன சொந்தக்காரனின் குரலைக் கேட்ட மாதிரி இருந்தது. வைத்துவிட்டீர்கள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்லா இருக்குதுங்க பாய், நல்லா வெச்சிருக்காரு" என்றேன்.

அப்புறம் உங்களை டீக்கடை டி.வி.யில் பார்த்தேன். புதுப் புத்தகம் வந்திருக்கிறதாம், பரிசு கொடுத்திருக்கிறார்களாம். மேசையை மூன்று தட்டுத் தட்டி, ஆறு செத்துப்போச்சு, கேக்க நாதியில்லையா என்றீர்கள். ஊமையனுக்கெல்லாம் சேர்த்து நான் கத்துவேன் என்றீர்கள். மூன்றாவது தட்டுக்கு முன்னால் ஒரு நொடி கையை மேலே நிறுத்துகிறீர்களே, அது சாகக்கிடந்த காளையை நல்ல விலைக்குத் தள்ளிவிடப் பார்த்த ஒருத்தனிடம் நான் கண்டுபிடித்தது. டீக்கடையில் எல்லாரும் கை தட்டினார்கள். நல்லதைத்தான் பேசுகிறீர்கள், நான் இல்லை என்று சொல்லவில்லை. இத்தனை நாள் நான் அதை வால் தூக்கவும் தட்டு வீசவும்தான் செலவழித்தேன், நீங்கள் ஆற்றுக்குச் செலவழிக்கிறீர்கள். அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும் என்றுகூட நினைத்துவிட்டேன். களைத்தவனுக்கு எதையும் விட்டுக்கொடுப்பது சுலபம்.

வைகாசியில் என் மகள் வந்தாள்.

கோகிலா. ஒரே மகள். கட்டிக்கொடுத்து மூன்று வருசம். ஒரு பையும், இடது காதில் பஞ்சுமாக பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை அறைந்ததில் செவிப்பறை கிழிந்துவிட்டது, அந்தப் பக்கம் இனிக் கேட்காது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அவள் அழவில்லை. "எதுக்கும் நான் பதில் சொல்லலீங்கப்பா. எங்கப்பா வந்து பேசிக்குவாருன்னு ஒரே வார்த்தை. அந்த வார்த்தைக்கே அந்தூட்ல எல்லார்த்துக்கும் மூஞ்சி செத்துப் போச்சு" என்று சிரித்தாள். ராமாத்தாள் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் சம்பந்தி நாலு பேரோடு காரில் வந்தார். கல்யாணத்தன்று என் சத்தத்தை ஒரு தடவை கேட்டவர், அதனால் செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே, ஓடுவதற்கு வாகாக நின்றார். "தப்புதானுங்க சம்பந்தி, பையன் கைய நீட்டிப்போட்டான், சின்ன வயசு" என்று தரையைப் பார்த்து ஆரம்பித்தார். என்னிடமிருந்து சத்தம் வரவில்லை என்றதும் ஒரு முறை நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். விற்கிறவன் கண்ணில் உயிரில்லை என்று தெரிந்துகொண்ட யாவாரி எப்படி விலையை இறக்குவான் என்று எனக்கு நாற்பது வருசமாகத் தெரியும். என் கண் முன்னால் அவர் இறக்கினார். செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். "பொண்ணுக்கும் வாயி எச்சுங்க" என்றார். அப்புறம், "ஒரு காது போனா என்னுங்க, இன்னொண்ணு இருக்குதில்லீங்க" என்றார். எந்தெந்த இடத்தில் கத்த வேண்டும் என்று எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது. இந்த இடம், இந்த இடம், இதோ இந்த இடம். சொல்லெல்லாம் தொண்டைக்குள் வரிசையாக நின்றது, அவிழ்த்துவிட ஆள் இல்லாத மாடுகள் மாதிரி, ஒன்றும் அசையவில்லை.

"செரிங்க. கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

கோகிலா தலையைத் திருப்பி, கேட்கிற காதை என் பக்கம் வைத்து, "என்னப்பா சொன்னீங்க?" என்றாள். அவளுக்குச் சரியாகக் கேட்டிருந்தது. இன்னொரு சந்தர்ப்பம் கொடுத்தாள். நான் இரண்டாம் தடவையும் அதையே சொன்னேன்.

பையை எடுத்துக்கொண்டு போனாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கார் நின்றபோது, வண்டியில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக இறங்கி எருமைமேல் சாய்ந்துவிட்டு ஏறினார்களாம். பாய் ஓடிப்போய், "நீயும் சித்த சாஞ்சுக்கம்மா" என்றிருக்கிறார். "எனக்குக் களைப்பு இல்லீங்க பாய்" என்றாளாம். என் கோபம் போவதற்கு முந்தி அவளிடம் ஒரு கன்று போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறது போல. ஆனால் அந்த வீட்டில் ஒரு கன்று தனியாக எத்தனை நாள் நிற்கும், ஐயா?

அன்றைக்கு ராமாத்தாள் சோறு போட்டு, தட்டை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "எம்மேல காட்டறதுக்கெல்லாம் இருந்துச்சு. புள்ளைக்குன்னு வந்தப்ப இல்லாமப் போச்சு." அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை, ஆனி முழுக்கச் சொல்லவில்லை, ஆடி முழுக்கச் சொல்லவில்லை. எருமைக்குப் போட்ட மாலையை மட்டும் போய் அறுத்துப்போட்டுவிட்டு வந்தாள்.

உங்களைத் தேடி நானே புறப்பட்டேன், இரண்டு தடவை. பஸ்ஸில் ஏறக் காலைத் தூக்கினால் பின்னாலிருந்து எருமை பெருமூச்சு விடும், நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிடுவேன், கண்டக்டர் இறக்கிவிட்டுவிடுவார். வாங்கின மாட்டில் ஒளித்த பழுது இருந்தால் மூன்று சந்தைக்குள் திருப்பிவிடலாம் என்பது எங்கள் வழக்கம். மூன்று சந்தையும் நான் உட்கார்ந்தே கழித்துவிட்டேன். வழக்கப்படி கேட்க இனி எனக்கு உரிமை இல்லை. உரிமை இருந்திருந்தாலும் சத்தம் போட்டுக் கேட்க வாய் இல்லை.

போன வாரம் கோகிலா போன் செய்தாள். "நானே பேச்சுக்குச் சொல்லியிருக்கறேங்கப்பா. ஆவணி மொத ஞாயிறு, வேப்பம்புதூர் மாரியம்மன் கோயல் மண்டபம், பத்து மணி. ரெண்டு ஊருக்காரங்களும் வருவாங்க. எனக்கு அந்தூடு வேண்டாம்னு சபையில சொல்லப் போறேன். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ளயே பத்துப் பேரு பேசி அமுக்கிடுவாங்க." அப்புறம் சொன்னாள்: "நீங்க பக்கத்துல உக்காந்தாப் போதும்னு சொல்லோணும்னுதான் கூப்புட்டேன். ஆனா போதாதுங்கப்பா."

போதாது. அதனால்தான் பாயிடம் நோட்டு வாங்கி, மூன்று நாளாக, நாலு வரிக்கு ஒரு தடவை ஓய்ந்து ஓய்ந்து இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமையே வந்துவிடுங்கள். அந்தப் பொன்னாடையை எடுத்துக்கொண்டு வாருங்கள், வேறு துணி வேண்டாம். பாய் நாற்காலி போடுவார், கை தட்டின பத்துப் பேரையும் கூப்பிட்டு உட்கார வைப்பார். இந்தத் தடவை முறையாகச் செய்வோம்: நீங்கள் எருமையின் முதுகில் கை வையுங்கள், நான் உங்கள் நெஞ்சில் கை வைக்கிறேன், அப்புறம் துணியைப் போடுவோம். விரல் எதையும் நீட்ட வேண்டாம், கட்டைவிரலை மட்டும் நீட்டுங்கள். உங்கள் நாவலில் தப்பாக எழுதினீர்களே, அதே விரல். நான் பிடித்துக்கொள்கிறேன். உம்மாட்டை நீங்கள் பிடித்துக்கொண்டு போங்கள், எம்மாட்டை நான் பிடித்துக்கொண்டு போகிறேன். ஊர்க் களைப்பெல்லாம் சேர்ந்த மாடு, உங்களுக்குக் கனமாகத்தான் இருக்கும். அதை எழுதத்தானே எழுத்தாளர் ஆனீர்கள்.

திருப்பிக் கொடுக்க மனமில்லை, பழகிவிட்டது, அடுத்த புத்தகம் பாதியில் நிற்கிறது என்றால் அதையும் கேட்டுக்கொள்கிறேன். வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் நேராக ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்கு வாருங்கள். ஆற்றுக்குப் பேசினீர்கள், ஊமையனுக்கெல்லாம் பேசுவேன் என்றீர்கள். என் கோபத்தோடு வந்து என் மகளுக்குப் பேசுங்கள். சம்பந்தி செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும். மேசை போட்டு வைத்திருப்போம், மூன்று தட்டு, மூன்றாவதுக்கு முன்னால் கையை ஒரு நொடி நிறுத்த மறக்காதீர்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அவளுக்கு வலது காதுதான் கேட்கும். அந்தப் பக்கமாக நின்று, சத்தமாகப் பேசுங்கள்.